கதவில் தொங்கிய நம்பர்

தாயம்மா எவரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. பாக்கெட் பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டாள். ஆட்டோக்காரர் சிரித்துப் பேசினால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்தக் குணம் நல்லது. மாத்திரை மாறிவிட்டதா, முதுகில் படுக்கைப் புண் தொடங்குகிறதா, "சாப்ட்டுட்டேன்" என்று சொல்கிற கிழவர் சோற்றைத் தலையணைக்கு அடியில் தள்ளியிருக்கிறாரா என்று சந்தேகப்படுகிறவள்தான் நல்ல ஆயா. நம்புகிறவள் தூங்கிவிடுவாள்.

ஆகவே கோரமங்களாவில் அவள் வேலை பார்த்த வீட்டுப் பெண் ஸ்னேஹா ஒருநாள் காலையில் புது ஷூ டப்பாவை நீட்டியபோது தாயம்மா கையை நீட்டவில்லை.

"எதுக்கு?"

"ஓடறதுக்குத்தான் அக்கா. அந்தப் பழைய கான்வாஸ் ஷூல ஓடி வர்றீங்க. முட்டி போயிடும்."

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்குது."

"சைஸ் சரியா இருக்கும். நீங்க வெளிய விட்ட ஷூவை வெச்சு அளந்துட்டேன்."

தனக்குத் தெரியாமல் ஷூவை அளந்திருக்கிறாள் என்றால் வேறு எதையெல்லாம் அளந்திருப்பாள் என்று தாயம்மாவின் மனம் ஓடியது. டப்பாவை வாங்கி, சக்கர நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஸ்னேஹாவின் தாய் வீணாவுக்குப் பல் துலக்கிவிடப் போனாள். வீணாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் வராது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும்.

"வாங்...கிக்கோ," என்றார் வீணா, நுரை வழிய. "பாம்பு... இல்ல."

தாயம்மா ஓடத் தொடங்கியது உடம்புக்காக அல்ல. பொம்மனஹள்ளியில் அவள் அறை. ஹொசூர் சாலையில் பஸ் ஏறினால், சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நின்றது நின்றபடி நிற்கும். இரவு பார்க்கிற ஆயா மணியடித்தாற்போல் கிளம்பிவிடுவாள். தாமதமானால் வீணா ஈரத்தில் கிடப்பார். முதலில் தாயம்மா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். பிறகு உள்தெருக்களில் வேகமாக நடந்தாள். எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது. சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு ஓடுவாள். மூன்று வருடத்தில் விடுமுறை நாளிலும் ஓடினாள். பேகூர் ஏரிவரை போய்வருவாள். யாராவது கேட்டால், "கால் கேக்குது," என்பாள்.

மூச்சுக்கு ஒரு கணக்கு வேண்டும். அவளுடைய அப்பா மாசிலாமணி பௌர்ணமிதோறும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விகாரைக்கு அழைத்துப்போய்ச் சொல்லவைத்த மூன்று சரணங்களை அவள் அந்தக் கணக்குக்கு வைத்துக்கொண்டாள். 'புத்தம் சரணம்' என்று மூச்சை இழுத்து, 'கச்சாமி' என்று விடுவாள். பக்தி என்று சொல்ல முடியாது. கால் தப்பாமல் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொற்களோடு வேறு சிலதும் வந்தன. அவற்றை அவள் கூப்பிடவில்லை.

கோலார் தங்கச் சுரங்கத்தில் மாசிலாமணி டிம்பர் மேஸ்திரி. பாறை இடிந்து விழாமல் மரத்தூண் கொடுக்கிறவர். மாரிகுப்பத்தில் லைன் வீடு: தகரக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர், பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டுக்குள் கேட்கும். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும். பிறகு சங்கு ஊதும். ஷிப்டுச் சங்கு வேறு, இது வேறு. நிறுத்தாமல் ஊதும். லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாய்க்கு ஓடுவார்கள். அம்மாவின் இடுப்பில் தொற்றிக்கொண்டு தாயம்மா குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கிறாள். சுரங்க வாயில் ஒரு பலகை. அதில் ஆணிகள். மேலே வந்தவன் டோக்கன் ஆணியில் தொங்கும். வெறும் ஆணி என்றால் ஆள் இன்னும் கீழே. மாசிலாமணியின் டோக்கன் ஒவ்வொரு முறையும் ஆணிக்கு வந்தது. நுரையீரலில் தூசி படிந்து, பின்னாளில் வீட்டுக் கட்டிலில்தான் செத்தார்.

"மண்ணுக்கு மேல நம்மள வந்தேறின்னு சொல்றான்," என்பார் அவர், இருமலுக்கு நடுவே. "அடியில எறங்கிப் பாக்கச் சொல்லு. அங்க நம்ம கைதான் இருக்கும். நாம பூர்வ குடி. யார் கேட்டாலும் நிமுந்து சொல்லு."

தாயம்மா நிமிர்ந்து சொல்லவில்லை. சுரங்கத்தை மூடியபின் பெங்களூருக்கு வந்தாள். முதலில் போன வீட்டில் ஊர் எது என்று கேட்டார்கள். கே.ஜி.எஃப் என்றாள். "கே.ஜி.எஃப்ல எங்க? லைன் வீடா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். சாதிக்கு வேறு கேள்வி தேவைப்படவில்லை. மறுநாள் அவளுக்குக் காபி வந்த டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு இருந்தது. தட்டின் அடியிலும் இருந்தது. வீட்டில் வேறு எந்தப் பாத்திரத்திலும் இல்லை.

ஆயாக்களை வீடுகளுக்கு அனுப்பும் பிரிசில்லாவிடம் போய்ச் சொன்னாள்.

"வாய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா?" என்றாள் பிரிசில்லா. "இனிமே கிருஷ்ணகிரின்னு சொல்லு. எவன் போயி பாக்கப் போறான்?" பிரிசில்லாவே கே.ஜி.எஃப் ஆண்டர்சன்பேட்டைக்காரி. கேட்டால் ஒய்ட்ஃபீல்டு என்பாள்.

அன்றிலிருந்து தாயம்மாவுக்கு ஊர் கிருஷ்ணகிரி. சொந்த வீடு, கிணறு. வீடு மாற மாறக் கிணற்றடியில் மாமரமும் முளைத்தது. ஸ்னேஹா வீட்டுக்கு வந்தபோது மூன்று மரங்கள் ஆகியிருந்தன. "சீசனுக்கு ஒரு கூடை கொண்டுவாங்க அக்கா," என்று ஸ்னேஹா கேட்டு இரண்டு சீசன் ஆயிற்று. ஒரு வருடம் பூச்சி, ஒரு வருடம் மழை என்று சமாளித்தாள்.

ஷூவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அவள் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. அடுக்குமாடியில் ஓட்டக்காரர் குழு ஒன்று உண்டு. அதை நடத்துகிறவன் உமேஷ். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தன் குழுவில் தாயம்மாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஸ்னேஹாவை அவன்தான் நச்சரித்திருக்கிறான்.

"யாவ ஊரம்மா நிம்து?" என்று முதல்நாளே கன்னடத்தில் ஊர் கேட்டான்.

"கிருஷ்ணகிரி."

"அதானே பார்த்தேன். கிராமத்து உடம்பு. சின்ன வயசுல மலை, காடுன்னு ஓடியிருப்பீங்க."

"தண்ணிக் குடத்தோட ஓடியிருக்கேன். குழாயில தண்ணி நின்னுடும்."

அவன் சிரித்தான். கைப்பேசியை எடுத்து அவளுடைய பாதத்தைப் படம் பிடித்தான். எதற்கு என்று அவள் கேட்டதற்குச் சும்மா என்றான். காரணம் இல்லாமல் ஒருவன் அடுத்தவள் காலைப் படம் எடுப்பானா?

இருந்தும் ஓடச் சம்மதித்தாள். நாற்பத்திரண்டு என்று கேட்டதும் கால் கேட்டது. அதைத் தடுக்க அவளிடம் காரணம் இல்லை.

பந்தயம் ஆஸ்டின் டவுன் பக்கத்து மைதானத்தில் தொடங்கியது. இன்னும் வெளுக்கவில்லை. ஸ்னேஹா வந்து, நம்பர் அட்டையை ஒரு எலாஸ்டிக் பட்டியில் கோத்து, தாயம்மாவின் இடுப்பில் குர்தாவுக்கு மேலே மாட்டிவிட்டாள். "இதுக்குள்ள சிப் இருக்கு அக்கா. வழியில விரிப்பு போட்டிருப்பாங்க. மிதிச்சா நம்ம நேரம் தானா பதிவாகும். கழட்டவே கூடாது."

சரி என்றுதான் தாயம்மா சொன்னாள். அப்போது தொடங்குவதற்கான சங்கை ஊதினார்கள்.

எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். தாயம்மாவுக்கு வயிறு கலங்கிவிட்டது. வேடிக்கைக்கு ஊதிய சங்கு என்று மூளைக்குத் தெரிந்தது, குடலுக்குத் தெரியவில்லை. அம்மாவின் இடுப்பும் பலகையும் ஆணியும் கண்ணுக்குள் வந்துபோயின. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். விடிந்தது. சரணத்தில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. வயிறு மட்டும் வரவில்லை.

பாதித் தூரத்தில் திரும்பவேண்டிய இடம். அதற்குச் சற்று முன்னால் பிளாஸ்டிக் கழிவறைகள் நின்றன. ஒன்றுதான் காலி. உள்ளே கொக்கி உடைந்திருந்தது. தாயம்மா யோசிக்கவே இல்லை. பட்டியைக் கழற்றினாள், வெளிக் கைப்பிடியில் தொங்கவிட்டாள், உள்ளே போனாள். வெளியே வந்தபோது மஞ்சள் பனியன் போட்ட ஒருத்தி காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். தாயம்மா வழிவிட்டு, ஓடி, திரும்பும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே போனாள்.

வெகுதூரம் வந்தபின்தான் கை இடுப்புக்குப் போனது. பட்டி இல்லை.

மஞ்சள் பனியன்காரி! அவள்தான் எடுத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாள் அப்போதே! திரும்பிப் போனால் அவள் அங்கேயா இருப்பாள்? மிச்சத் தூரம் முழுவதும் அந்த முகம் தெரியாத பெண்ணைத் திட்டிக்கொண்டே ஓடினாள். முட்டிக்குக் கீழே கல் கட்டினாற்போல் ஆனது. உதடு உப்புக் கரித்தது. நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

முடிவுகள் பார்க்கும் கூடாரத்தில் கணினிக்கு முன்னால் ஜாய்சன் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். திரையைப் பார்த்தான், அவள் இடுப்பைப் பார்த்தான்.

"அம்மா, திரும்பற எடத்துல உங்க நம்பர் விழலையே. நம்பர் எங்க?"

"திருடிட்டாங்க."

"நம்பரையா? அத வெச்சு யாரு என்ன பண்ணுவாங்க?"

அதற்குள் உமேஷ் வந்துவிட்டான். குழுவில் அவள் ஒருத்தியால் கெட்டபெயர் வருமோ என்ற பயம் அவன் முகத்தில் எழுதியிருந்தது. "நேராச் சொல்லுங்க. பாதியிலேயே திரும்பிட்டீங்களா? ஷார்ட் கட்ல வர்றவங்கதான் நம்பரைக் கழட்டி எறிவாங்க."

"முழுசா ஓடினேன்."

"அப்ப ஏன் கழட்டினீங்க?"

"பாத்ரூம் போறதுக்கு."

"உள்ள எடுத்துட்டுப் போகலாமே? வெளிய எதுக்கு மாட்டணும்?"

மாரிகுப்பத்து லைனில் பத்து வீட்டுக்கு ஒரு கழிவறை. கதவுக்குக் கொக்கி கிடையாது. வெளியே ஓர் ஆணி. ஒரு பழைய டோக்கன் அதில் தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். இதைத்தான் சொல்லவேண்டும். சொன்னால் கிருஷ்ணகிரி போகும். கிணறு போகும், மூன்று மாமரமும் போகும். பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்கு, இத்தனை வருடமும் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டும். கூடாரத்தின் வாயில் ஸ்னேஹா நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவள் வாயில் 'அக்கா' வரவில்லை.

"நான் குரூப்ல சொல்லித்தான் ஆகணும்," என்றான் உமேஷ். "ஏமாத்தினாங்கன்னு தெரிஞ்சும் மறைக்க முடியாது."

அந்தக் குழுவில் அடுக்குமாடியின் பாதிப் பேர் இருந்தார்கள். தாயம்மாவின் தொழிலில் ஒரு சொல் போதும். வீட்டுச் சாவி, பீரோ, மருந்து, படுக்கையில் கிடக்கிற மனுஷி எல்லாவற்றையும் ஒருத்தி கையில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறார்கள். 'ஏமாற்றுக்காரி' என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. பிரிசில்லா முதல் ஆளாகக் கைகழுவுவாள்.

அப்போது தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி ஒன்று கூடாரத்தருகே வந்து நின்றது. காவலாளி உடுப்பில், அறுபதைத் தொட்ட ஒருவர் இறங்கினார். கையில் எலாஸ்டிக் பட்டி.

"இது யாருது?"

உமேஷ் கையை நீட்டினான். அவர் பட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அய்ய, நீ எதுக்கு சார் கை நீட்டற? இது பொம்பள கட்டற அளவு."

"மேஜைமேல வைங்க அங்கிள்," என்றான் ஜாய்சன்.

"மேஜைமேல வெக்கற வழக்கம் இல்ல தம்பி. ஆள் கையிலதான் குடுப்பேன். வரிசையெல்லாம் முடிஞ்சு போச்சு, இது மட்டும் கதவுல தொங்கினே கீது. உள்ள பாத்தா ஆள் இல்ல. எவளாவது மயங்கி விழுந்துட்டாளான்னு பின்னாடி காவா வரைக்கும் போயி தேடினேன். ஷூ எல்லாம் சேறு, பாரு."

"என்னுதுங்க," என்றாள் தாயம்மா.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை தாயம்மாவுக்குத் தெரிந்த பார்வை. அவளே தினமும் பால்காரரைப் பார்க்கிற பார்வை.

"உன்னுதா? எந்த ஊரு நீ?"

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "கிருஷ்ணகிரி."

"அப்ப இது உன்னுது இல்ல," என்று பட்டியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கிருஷ்ணகிரிக்காரி எதுக்கு கக்கூஸ் கதவுல நம்பர மாட்டப் போறா? எவளோ எங்க ஊர்க்காரி இருக்கணும். வரட்டும்."

ஜாய்சன் சிரித்துவிட்டான். உமேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. முழுத் தூரமும் வலிக்காத தாயம்மாவின் நெஞ்சு இப்போது வலித்தது. ஸ்னேஹாவைப் பார்க்காமல், அந்த மனிதரின் சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னாள்:

"மாரிகுப்பம். தண்ணித்தொட்டி லைன், கடேசி வரிசை. அப்பா மாசிலாமணி, டிம்பர் மேஸ்திரி."

"டிம்பர் மாசியா? விகாரையில பஞ்சசீலம் சொல்லிக் குடுப்பாரே, இருமினே?"

"அவர்தான்."

"அம்மா பேரு?"

"அன்னம்மாள். போதுமா, இன்னும் வேணுமா? வீட்டுக் கூரையில எத்தன ஓட்டைன்னு சொல்லணுமா?"

"கோவப்படாத. கண்டவங்ககிட்ட டோக்கன் குடுத்தா கேள்வி எனக்குத்தான் வரும்." பையிலிருந்து எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "நான் பீட்டர். சாம்பியன் லைன். ஏம்மா, வெளிய வந்தவ எடுத்துனு போறதில்லையா?"

"வரிசை நின்னுதுண்ணா. வரிசை நின்னா யாரு எடுப்பாங்க?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. லைனில் வரிசை நின்றால் டோக்கனை எவரும் கழற்றுவதில்லை. அடுத்தவள் உள்ளே போவாள், அது அப்படியே தொங்கும். கடைசி ஆள்தான் எடுப்பாள். மஞ்சள் பனியன்காரி எதையும் திருடவில்லை. பிளாஸ்டிக் கழிவறைக்கு முன்னால் தாயம்மா முப்பது வருடத்துக்கு முந்தைய ஒழுங்கில் நடந்திருக்கிறாள்.

இனி மறைக்க எதுவும் இல்லை. உமேஷிடமும் ஜாய்சனிடமும் ஆணி, டோக்கன், கொக்கியில்லாத கதவு, அப்பா சொல்லும் 'பூர்வ குடி' எல்லாவற்றையும் சொன்னாள். குரல் தாழ்த்தவில்லை. ஜாய்சன் திரும்பும் இடத்துக் கேமராப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு படத்தில் தாயம்மா, பட்டி இல்லாத இடுப்போடு, பல்லைக் கடித்தபடி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஓடியிருக்காங்க," என்றான். "ஆனா சிப் இல்லாம நேரம் குடுக்க முடியாது. ரூல்."

"நேரம் வேணாம். ஏமாத்தலன்னு சொல்லு, போதும்."

உமேஷின் முகம் மாறிவிட்டது. சற்று முன் குற்றவாளியைப் பார்த்தவன் இப்போது புதையலைப் பார்த்தான். "தாயம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பெரிய கதை! மண்ணின் பூர்வகுடி, ஏழைப் பெண், கே.ஜி.எஃப்... ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"எல்லாருக்கும் தெரியட்டுமேன்னு."

"இப்பதான் ஏமாத்துக்காரின்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு சொன்ன." அவள் பட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். "எடு. சுரங்கத் தொழிலாளி மகள்னு போடு. ஏழைன்னு போடாத, நான் உங்கிட்ட எதுவும் கேக்கல. பூர்வகுடின்னு நானே சொல்லிக்கறேன். நீ சொல்லாத."

பீட்டர் அவளுக்கு டீ வாங்கி வந்தார். அவர் முதலில் ஒரு வாய் குடிக்கிறவரை அவள் தன் டீயைத் தொடவில்லை.

மறுநாள் கால் மரமாகியிருந்தது. தாயம்மா பஸ்ஸில்தான் போனாள். வழியில் பிரிசில்லா போன் செய்தாள்.

"ஊரச் சொல்லிட்டியாமே? அறிவிருக்குதா?"

"சொல்லிட்டேன். மறைச்சு மறைச்சு உனக்கும் மூச்சு வாங்குது, நீயும் ஒருவாட்டி சொல்லிப் பாரு."

வீட்டில் ஸ்னேஹா ஆபீஸ் போகாமல் காத்திருந்தாள். "ஏன் அக்கா எங்ககிட்ட பொய் சொன்னீங்க? அந்த மாமரம்கூடவா?"

"மரம்கூடத்தான். உங்க வீட்ல எத்தன டம்ளர் இருக்குன்னு தெரியாம எப்படி நெசத்தச் சொல்றது?"

ஸ்னேஹாவுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. சமையலறைக்குப் போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள்.

கட்டிலிலிருந்து வீணா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "மாம்பழம்... போச்சு," என்றார்.

தாயம்மா அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். சிவப்பு எதுவும் இல்லை. பவுடர் போட்டாள். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவும்போது கவிழ்த்து அடியைப் பார்த்தாள். பொட்டு இல்லை. அலமாரியில் இருந்த மற்ற டம்ளர்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். எதிலும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, ஹாலில் ஸ்னேஹா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, கால் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல சிவப்பு.

தாயம்மா பாட்டில் எங்கே வைக்கப்படுகிறது என்று கவனித்துக்கொண்டாள். நாளைக்கும் டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும்.